பம்பரமும் நாங்களும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எங்கள் வகுப்பில் மற்றவர்கள் ‘நேரத்தின் அருமை’, ‘நூலகத்தின் பயன்’, ‘மரம் வளர்ப்போம்’ என்றெல்லாம் தலைப்புக் கொடுத்தார்கள். நாங்கள் ‘பம்பரம்’ என்று எழுதிக் கொடுத்தோம். தமிழாசிரியை மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கி எங்களைப் பார்த்து, “என்ன, விளையாடுகிறீர்களா?” என்றார். ஆம் டீச்சர், விளையாடுகிறோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறோம். ஆனால் விளையாட்டாக எழுதவில்லை.

அன்புத் தோழியரே! பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும் நொண்டியும் நமக்கு. பம்பரமும் கோலியும் கிட்டிப்புள்ளும் அவர்களுக்கு. இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்தார்கள்? எந்தப் பத்திர அலுவலகத்தில் பதிந்தார்கள்? கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நாம் சாட்டையைக் கையில் எடுத்தால் மட்டும் தெருவே நிமிர்ந்து பார்க்கிறது. “பொட்டப் புள்ளைக்குப் பம்பரம் எதுக்குடி?” என்று எங்களில் ஒருத்தியின் ஆயா கேட்டார். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம்.) அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மலர் அச்சாகி வந்ததும் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம்.

எங்கள் கருத்து இதுதான். பம்பரத்தில் கலை இருப்பது கட்டையில் அன்று, சாட்டையில். சாட்டை என்பது நூல். ஜலகண்டாபுரத்துப் பெண்ணுக்கு நூலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நாங்கள் என்றால் ஆறு பேர். போன ஆண்டு மழை ஓய்ந்து தரை இறுகியதும் தெருவில் பம்பரக் காலம் வந்தது. எங்களில் ஒருத்தியின் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு அவன் பம்பரம் திண்ணையில் சும்மா கிடந்தது. எடுத்துச் சுற்றிப் பார்த்தோம். முதல் வீச்சில் அது பீரோவுக்கடியில் போய் ஒளிந்தது. இரண்டாவது வீச்சில் தண்ணீர்க் குடத்தில் ‘ணங்’ என்று மோதியது. மூன்றாவதில் ஆணி மேலே, தலை கீழே என்று விழுந்து அரைச் சுற்றுச் சுற்றிப் படுத்துவிட்டது. படுக்கையில் இருந்த தம்பி போர்வையை விலக்கி, “அக்கா, அந்தச் சாட்டையை எடுத்துத் தலை பின்னிக்கோ” என்றான். காய்ச்சல்காரனை அடிக்கக் கூடாது என்று விட்டுவிட்டோம்.

பையன்கள் ஆடும் ஆட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரையில் வட்டம் போட்டு, தோற்றவன் பம்பரத்தை நடுவில் வைத்து, மற்றவர்கள் தங்கள் பம்பரத்தின் ஆணியால் ஓங்கிக் குத்துவார்கள். அதை ஆக்கர் என்பார்கள். நல்ல பம்பரம் மாலைக்குள் அம்மைத் தழும்பு முகம்போல் ஆகிவிடும். சில நேரம் இரண்டாகவும் பிளக்கும். எங்களுக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லை. நாங்கள் பயந்தாங்கொள்ளிகள் என்பதால் அன்று. காசு கொடுத்து வாங்கிய பொருளை உடைப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒன்று செய்வார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரத்தை வீசி, சுழலும் பம்பரத்தின் ஆணியடியில் சாட்டையைக் கொடுத்துச் சுண்டி இழுத்து, மேலே எழும்பும் பம்பரத்தைக் கையில் பிடிப்பார்கள். இதற்கு அபீட் என்று பெயர். யார் கடைசியாக அபீட் எடுக்கிறானோ அவன் பம்பரம் வட்டத்துக்குள் போகும். பையன்களுக்கு அது குத்துவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய சடங்கு. எங்களுக்கு அதுவே ஆட்டமாகத் தோன்றியது. அவர்கள் வாசற்படியைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். நாங்கள் படியிலேயே கோலம் போட உட்கார்ந்துவிட்டோம்.

முதலில் சாட்டை. கடையில் தரும் கயிறு நைலான், வழுக்கும். எங்கள் வீடுகளில் தறிக்கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை. எட்டு இழை சேர்த்து ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு இரண்டாக மடித்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் கயிறு தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும், பிரியாது. நுனியை மெலிதாகவும் மறுமுனையைத் தடிப்பாகவும் விட வேண்டும். தடித்த முனையில் சோடா மூடியைத் தட்டையாக்கித் துளையிட்டுக் கோத்தால் விரலிடுக்கில் நிற்கும். எங்கள் சாட்டையின் நீளம் ஒன்றரை மீட்டர். ஆணியில் தொடங்கிக் கட்டையின் பாதி உயரம் வரை நெருக்கமாகச் சுற்றினால் பதினான்கு சுற்று வரும். அந்தப் பதினான்கு சுற்றும் கண் இமைக்கும் நேரத்தில் அவிழ வேண்டும். ஒரு சுற்று மற்றொன்றின் மேல் ஏறியிருந்தால் பம்பரம் கோணலாகத்தான் போகும்.

இரண்டு வாரத்தில் எங்களுக்கு ஒரு தொல்லை வந்தது. எவ்வளவு நன்றாக முறுக்கிய சாட்டையும் ஐம்பது வீச்சுக்குப் பிறகு பாம்பு போலச் சுருண்டுகொண்டது. சுருண்ட சாட்டை ஆணியடியில் நேராக நுழையாது. பையன்களைக் கேட்டோம். “அது அப்படித்தான். வேறு சாட்டை போடு” என்றார்கள். அவர்கள் காலங்காலமாக வேறு சாட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் எங்கள் ஆறாமவள். அவள் பள்ளியில் கணக்கில் சுமார்தான். ஆனால் வீட்டில் ஏழு வயதிலிருந்து தார் சுற்றுகிறவள். வெளியூர்த் தோழியருக்காகச் சொல்கிறோம்: ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றி நாடாவுக்குள் வைப்பார்கள்; அந்தக் குச்சிதான் தார். நாங்கள் சாட்டை சுற்றுவதை அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “நீங்க கட்டையைச் சும்மா பிடிச்சுக்கிட்டு நூலைச் சுத்துறீங்க. ராட்டையில நூலா சுத்துது? தார்தானே சுத்துது!”

நாங்கள் வாயடைத்துப் போனோம். பம்பரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு கயிற்றை அதைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்றில் ஒரு முறுக்கு ஏறுகிறது. மறுமுனை விரலில் மாட்டியிருப்பதால் அந்த முறுக்கு வெளியேற வழியில்லை. வீசும்போது கட்டை உருண்டு கயிறு அவிழ்கிறது. ஆனால் ஏறிய முறுக்கு இறங்குவதில்லை. வீச்சுக்குப் பதினான்கு என்றால் ஐம்பது வீச்சுக்கு எழுநூறு முறுக்கு! சுருளாமல் என்ன செய்யும்? கயிற்றை நேராகப் பிடித்துக்கொண்டு பம்பரத்தை விரலால் உருட்டிச் சுற்றினால் முறுக்கே ஏறாது. அன்று முதல் அப்படித்தான் சுற்றுகிறோம். அன்று கட்டிய சாட்டை ஐந்து மாதம் உழைத்தது. இதைத் தெருப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்தோம். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் பெண்களிடம் கற்றதாக ஆகிவிடும் என்று பழையபடியே சுற்றுகிறார்கள். சுற்றட்டும்.

அடுத்தது கையேந்தல். பம்பரத்தைத் தரையில் படவிடாமல், வீசிய உடனே சாட்டையின் கடைசிச் சுற்றில் ஒரு வெட்டு வெட்டித் தன்பக்கம் இழுத்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வெட்டு முந்தினால் சாட்டை அவிழாது. பிந்தினால் பம்பரம் போய்விடும். ஒருத்தியின் கட்டைவிரல் நகம் கறுத்தது. ஒருத்தி நெற்றியில் வாங்கிக்கொண்டு வீட்டில் ‘கதவில் இடித்தது’ என்று சொன்னாள். (கட்டுரைக்காக உண்மையைச் சொல்லிவிட்டோம், அம்மா மன்னிக்க வேண்டும்.) பிறகு கோணிச் சாக்கை நாலாக மடித்து விரித்து அதன்மேல் பழகினோம். கையை நீட்டி நிறுத்திப் பிடித்தால் பம்பரம் துள்ளிக் குதித்து ஓடும். விழுகிற பொருளோடு கையும் சற்று இறங்க வேண்டும். இதை எங்கள் கை முன்பே அறிந்திருந்தது. ஐந்தாங்கல்லில் மேலே போட்ட கல்லைப் பிடிப்பதும் இப்படித்தான். ஆகவே ‘பெண்கள் ஆட்டம்’ என்று ஒதுக்கப்பட்டதே எங்களுக்குப் பம்பரம் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் பொய்யில்லை.

கையில் நின்று சுழலும் பம்பரத்தை நீங்கள் ஒருமுறையாவது ஏந்திப் பார்க்க வேண்டும். ஆணி உள்ளங்கையில் குறுகுறுக்கும். நன்றாகச் சுழலும்போது ஆடாமல் அசையாமல் நிற்கும், ‘தூங்குகிறது’ என்போம். வேகம் குறையக் குறையத் தலையாட்டும். நாம் நிற்கும் பூமியும் இப்படித்தான் தலையாட்டுகிறதாம். ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகுமாம்.

பம்பரத்தைக் கயிற்றின்மேல் நடக்கவிடலாம் என்பது எங்களில் ஒருத்தியின் அண்ணன் கைப்பேசியில் பார்த்துத்தான் தெரிந்தது. ஜப்பானில் ஃபுகுவோகா நகரத்துப் பகுதியில் ஹகாதா பம்பரம் என்று ஒரு மரபு உண்டு. பம்பரத்தைக் கயிற்றிலும் விசிறி விளிம்பிலும் வாள் முனையிலும்கூட ஓடவிட்டு மேடையில் காட்டுகிறார்கள். அங்கே அது தெருவில் திரிகிறவர் வேலை அன்று. குருவிடம் கற்கும் கலை. மலேசியாவில் கிளந்தான் பக்கத்தில் ஐந்து கிலோ எடைகொண்ட பம்பரங்களைத் தடித்த கயிற்றால் வீசி, சுழலும்போதே பலகையில் ஏந்தித் தண்டின்மேல் நிறுத்துகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் அது நிற்குமாம். அந்த நாட்டின் ஐந்து காசு நாணயத்திலேயே 1989ஆம் ஆண்டு பம்பரத்தைப் பொறித்தார்கள். நம் ஊரில் பம்பரத்தைச் சுவரில் பார்த்தது தேர்தல் காலத்தில் மட்டும்தான்.

எங்கள் கயிற்று நடையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆணியின் கூரை அரத்தால் ராவி உருண்டையாக்கினோம். சாட்டையை இரட்டையாக மடித்து இழைகள் ஒட்டி நிற்கும்படி இருவர் இழுத்துப் பிடிப்போம். மூன்றாமவள் கையில் ஏந்திய பம்பரத்தை அதன்மேல் இறக்குவாள். ஒரு பக்கத்தை மெல்லத் தாழ்த்தினால் ஓடும். இதுவரை எங்கள் அளவு இரண்டு சாண். தார் சுற்றுகிறவளுக்கு மட்டும் மூன்று.

எங்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. எவள் எதைக் கண்டுபிடித்தாலும் அதில் எழுத வேண்டும் என்பது எங்கள் சட்டம். வித்தைகளுக்குத் தறிப் பெயர்களே வைத்தோம். ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கயிற்றில் ஓடுவது ‘நாடா’. சாட்டையில் மாட்டி மேலெழும்புவது ‘தார் ஏற்றம்’. ஒருத்தி ஒரு வெட்டு முறையைக் கண்டுபிடித்து ஒரு வாரம் எழுதாமல் மறைத்தாள். நாங்கள் அவளோடு பேசவில்லை. ஏழாம் நாள் அவளே வந்து எழுதினாள். அதை எழுதிய மறுநாளே இன்னொருத்தி அதைவிட எளிதாகச் செய்து காட்டினாள். மறைத்து வைத்த வித்தை ஒருத்தியோடு நின்றிருக்கும். இது இரண்டு படி ஏறியது.

இனி எங்களுக்குச் சொல்லப்பட்ட மறுப்புகள். ‘பொதுத்தேர்வு ஆண்டில் இது தேவையா?’ என்பது ஒன்று. நாளுக்கு அரை மணி நேரம்தான் ஆடுகிறோம். அதைவிட அதிக நேரம் தொலைக்காட்சித் தொடருக்குப் போகிற வீடுகளை நாங்கள் அறிவோம். பெயர் சொல்ல மாட்டோம். ‘ஆணி குத்தும்’ என்பது இன்னொன்று. ஊசியும் குத்தும், தையல் வகுப்பை யாரும் நிறுத்தவில்லையே! ‘இப்போது யார் மரப் பம்பரம் ஆடுகிறார்கள், கடையில் பிளாஸ்டிக்கில் அழகாக வருகிறதே’ என்றார் ஒருவர். அவர் சொன்னது பேபிளேடு வகை. அது 1999இல் ஜப்பானில் வெளிவந்தது. அதற்கு மூலம் அங்கே பிள்ளைகள் கயிறு சுற்றி ஆடிய பேகோமா என்ற சிறு இரும்புப் பம்பரம். கயிற்றை எடுத்துவிட்டுப் பல் வைத்த பட்டையைக் கொடுத்துவிட்டார்கள். இழுத்தால் எவர் இழுத்தாலும் ஒன்றுபோல் சுற்றுகிறது. ஆகவே கற்க ஒன்றுமில்லை. ஒரு வாரத்தில் சலித்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலான மறுப்பு ஆயாவுடையது: பெண்ணுக்கு எதற்கு?

1951ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் எடுத்த ஒரு புகைப்படத்தை அறிவியல் ஆசிரியை எங்களுக்குக் காட்டினார். கோட்டு அணிந்த இரண்டு பெரியவர்கள் குனிந்து தரையில் சுழலும் சிறு பம்பரம் ஒன்றை வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவர் நீல்ஸ் போர், மற்றவர் வொல்ஃப்காங் பௌலி. இருவரும் நோபல் பரிசு பெற்றவர்கள். படத்தைப் பார்த்து எங்களில் ஒருத்தி, “இதிலும் ஆம்பளைங்கதானா?” என்றாள். ஆசிரியை சிரித்துவிட்டு, மறுநாள் சோபியா கோவலெவ்ஸ்காயாவைப் பற்றிச் சொன்னார்.

1850இல் மாஸ்கோவில் பிறந்தவர் அவர். சிறுமியாக இருந்தபோது வீட்டில் சுவர்த்தாள் போதாமல் போக, அவர் அறைச் சுவரில் பழைய கணிதப் பாடக் குறிப்புத் தாள்களை ஒட்டிவைத்தார்களாம். புரியாத அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார். அக்காலத்தில் ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்களைச் சேர்ப்பதில்லை. தனியே வெளிநாடு செல்லவும் அனுமதி கிடையாது. பெயரளவுக்கு ஒரு திருமணம் செய்துகொண்டு ஜெர்மனி சென்று படித்து, 1874இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஸ்டாக்ஹோமில் பேராசிரியை ஆனார். ஒரு புள்ளியில் நின்று சுழலும் பொருள் எப்படி அசையும் என்பது அந்நாளில் கணித மேதைகளைத் திணறடித்த கேள்வி. சுருங்கச் சொன்னால் பம்பரக் கணக்கு. அதை முழுமையாகத் தீர்க்கக்கூடிய இரண்டு வகைகளை ஆய்லரும் லக்ராஞ்சும் முன்பே காட்டியிருந்தார்கள். மூன்றாவது வகையைக் கண்டவர் இந்தப் பெண்மணி. 1888இல் பாரிஸ் அறிவியல் கழகம் அதற்குப் பரிசு கொடுத்தது. போட்டிக்கு வந்த கட்டுரைகளில் எழுதியவர் பெயர் இருக்காது. ஆகவே எழுதியவர் பெண் என்று நடுவர்கள் முன்கூட்டி அறிய வழியில்லை. கட்டுரையின் சிறப்பைக் கண்டு 3,000 பிராங்க் பரிசை 5,000 ஆக உயர்த்தினார்கள். கணித நூல்களில் அந்த மூன்றாவது வகைக்கு இன்றும் ‘கோவலெவ்ஸ்காயா பம்பரம்’ என்றே பெயர்.

இதை ஆயாவிடம் சொன்னோம். “அந்தப் பொண்ணு சாட்டையும் சுத்துச்சா?” என்று கேட்டார். அது எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் ஆறாமவள். ஒன்பதாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார், அம்மாவுக்கு உடல்நலமில்லை, தார் சுற்ற வீட்டில் வேறு கையில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் ஐந்து பேரும் அவள் வீட்டுத் திண்ணைக்குப் போகிறோம். நோட்டு இப்போது அவளிடம்தான் இருக்கிறது. அதில் கடைசி ஒன்பது பக்கம் அவள் எழுத்து. பள்ளியில் அவள் இவ்வளவு எழுதி நாங்கள் பார்த்ததில்லை.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தெருவில் நின்ற கம்பு மைதானத்துக்குள் போனது. சாட்டைக்கும் அவ்வளவு பெரிய மைதானம் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. நம் பள்ளி விளையாட்டு விழாவில் ஒரு கால் மணி நேரம் போதும். குத்து வேண்டாம், ஆக்கர் வேண்டாம். அபீட், கையேந்தல், கயிற்று நடை என்று மூன்று மட்டும். கோணிச் சாக்கும் பம்பரமும் சாட்டையும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இன்னொன்றும் கேட்கிறோம். ஆண்டுதோறும் விழாவில் பழைய மாணவியருக்கு இசை நாற்காலி வைக்கிறார்கள். அடுத்த விழாவில் அதோடு பம்பரத்தையும் சேர்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளும் பழைய மாணவிதானே? தலைமைச் சகோதரியிடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பார்க்கலாம் என்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் இதைச் சொன்னோம். ராட்டையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். விழா எந்தக் கிழமையில் வரும் என்று மட்டும் கேட்டு வரச் சொன்னாள்.